மோன் தெரி பாறை ஆய்வகம்: போய்ப் பார்க்க வேண்டிய இடம்

அணுக்கழிவை நிலத்தடியில் புதைப்பது சரிதானா என்று யோசிப்பவர்கள், சுவிட்சர்லாந்தின் சான்-உர்சான் ஊருக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே மோன் தெரி மலைக்குள் சுமார் 300 மீட்டர் ஆழத்தில், கழிவைப் புதைக்க ஏற்றதா என்று 1996 முதல் ஓப்பலினஸ் என்ற களிப்பாறையைச் சோதித்து வருகிறார்கள். வெறும் ஆராய்ச்சிதான், கழிவு இங்கே வராது.

பாறைக்கு வயது ஏறக்குறைய 17.5 கோடி ஆண்டு. விரிசல் விழுந்தாலும், ஈரம் பட்டதும் களி உப்பித் தானே அடைத்துக்கொள்கிறது. எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான். ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: கருஞ்சாம்பல் நிறம், நகம் பட்டால் கோடு, ஓரத்தில் மினுங்கும் அம்மோனைட் (அழிந்துபோன கடல் உயிரி) ஓடு.

இத்தனை வருடச் சோதனைக்குப் பிறகுதான், 2022இல் சுவிஸ் அணுக்கழிவுக்குப் பொறுப்பான நாக்ரா நிறுவனம், இதே பாறை உள்ள வட சுவிட்சர்லாந்தின் நோர்ட்லிஷ் லேகர்ன் பகுதியைக் கழிவுக்கிடங்குக்கு முன்மொழிந்தது. அந்தப் பொறுமைக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்; முன்பதிவு செய்துவிடுங்கள்.