வரி பாக்கியுள்ள வீடு: விற்பவர் கட்டட்டுமா, நாமே கட்டிவிடலாமா?

போன வருடம் தென் மாவட்டத்து நகராட்சி ஒன்றில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கினேன். முன்பக்கம் ஒரு சின்னக் கடை. பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். பேச்சு முடிகிற நேரத்தில்தான் ஏழு வருடச் சொத்துவரி பாக்கி என்று தெரிந்தது.

வில்லங்கத்தில் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். வரி பாக்கியை யாரும் பத்திரம் போட்டுப் பதிவதில்லை. ஆனால் நிலவரிக்கு அடுத்தபடியாக, கட்டடத்தின் மீது முதல் உரிமை இந்த பாக்கிக்குத்தான். ஆள் மாறினாலும் கதவைத் தட்டும்.

இரண்டு வழி இருந்தது. கிரயத்துக்கு முன் விற்பவரே கட்டி ரசீது தருவது ஒன்று. விலையில் கழித்துக்கொண்டு நாமே கட்டுவது மற்றொன்று. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். இனிமேல் வாங்கினாலும் அதையே செய்வேன்.

முதல் வழியில் ஒரு சௌகரியம் உண்டு. அலைச்சல் அவருக்கு, ரசீது நமக்கு. வங்கிக் கடன் போடுகிறவர்களுக்கு இதுவே பிடிக்கும், கோப்பில் ரசீது இருந்தால் போதும். எனக்கு விற்ற அண்ணாச்சியும் நல்ல மனுஷர்தான். “கிரயத்தன்னிக்கு காலைல கட்டி ரசீத கையில தந்திருதேன் தம்பி” என்றார். ஏழு வருடம் கட்டாதவர் அன்று காலை கட்டுவார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்த பிறகு ரசீது வரவில்லை என்றால் யார் எழுந்து போவார்கள்?

இரண்டாவது வழியில், அக்ரிமென்ட் போட்ட வாரமே அட்வான்ஸிலிருந்து கட்டிவிடலாம். வரிவிதிப்பு எண் (சொத்துவரிக்காக நகராட்சி தருகிற எண்) இருந்தால் போதும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். எவ்வளவு கட்டினோம், அது கிரயத் தொகையில் கழியும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதிக்கொண்டோம். கிரயமே நின்றுபோனால் அந்தப் பணத்தை அட்வான்ஸோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று இன்னொரு வரி. இந்த வழியில் உள்ள ஆபத்தே அந்த இடம்தான் என்பதால் அதைத் தவறவிடாதீர்கள்.

சரி, நான் ஏன் இந்தப் பக்கம் சாய்ந்தேன்? பாக்கி எவ்வளவு என்பது நாமே கட்டப் போகும்போதுதான் முழுசாகத் தெரிகிறது. அண்ணாச்சி தந்த எண்ணைப் போட்டதும் திரையில் 31,400 ரூபாய் என்று வந்தது. கட்டிவிட்டேன். அப்புறம் நகராட்சிக்குப் போய்ப் பில் கலெக்டரிடம் பழைய கதவு எண்ணையும் புதிய கதவு எண்ணையும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே “கடைக்குத் தனி நம்பர் இருக்கே சார்” என்றார். அதில் 22,750. ஒரே சுவர், ஒரே கூரை, இரண்டு வரிவிதிப்பு எண். போதாததற்கு 2022 உயர்வில் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் ஏற்றியிருந்தார்கள். அண்ணாச்சி மறைக்கவில்லை. அப்பா காலத்துக் கடை, அவருக்கே மறந்துபோயிருந்தது. அவரையே கட்டச் சொல்லியிருந்தால் முதல் எண்ணின் ரசீதோடு வந்திருப்பார், நானும் வாங்கிப் பையில் வைத்திருப்பேன்.

குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் எல்லாவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். சொத்துவரியில் பாக்கி இல்லை என்று காட்டினால் இவையும் தீர்ந்தன என்று அர்த்தமில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. வட்டித் தள்ளுபடி வரும், காத்திருக்கலாம் என்பார்கள். ஹைதராபாத் மாநகராட்சியில் 2020இல் வட்டியில் 90 சதவீதம் தள்ளுபடி செய்தார்கள், அந்தச் செய்தியை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 விதிகளின்படி தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம். அரையாண்டுக்கு 3,000 ரூபாய் வரி என்றால் ஒரு வருடத் தாமதத்துக்கு 360 ரூபாய். வங்கியில் வைப்புநிதி போட்டாலும் அந்த வட்டி கிடைக்காது. மாறாக அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் கழிவு உண்டு.

“எனக்குத் தெரியாது, நான் அப்பாவி” என்று வழக்காடலாமே என்று தரகர் ஒருவர் சொன்னார். 1971இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், பாக்கி இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தில் கை வைக்க முடியாது, சட்டமே அப்படி வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, என்று தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் இணையத்தில் எண்ணைத் தட்டினால் பாக்கி தெரிகிற காலத்தில் தெரியாது என்று சொல்லி நிற்பது கஷ்டம். ஐம்பத்து நாலாயிரத்துக்காக நீதிமன்றப் படி ஏறவும் எனக்குத் தெம்பில்லை.

என் அனுபவம் ஒரு தனி வீட்டோடு சரி. அடுக்குமாடிக் குடியிருப்பு, லட்சக்கணக்கில் பாக்கி, விற்பவர் வெளிநாட்டில் என்றால் வக்கீலைக் கேட்காமல் என் பேச்சைக் கேட்காதீர்கள். பாக்கி லட்சத்தைத் தாண்டினால் விற்பவரையே கட்டச் சொல்லி, அவர் ரசீது காட்டிய பிறகு அட்வான்ஸ் கொடுப்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

கிரயம் முடிந்த மறுவாரம் இரண்டு ரசீதுகளையும் பத்திர நகலையும் இணைத்துப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டு எண் என் பெயருக்கு வந்துவிட்டது. கடை எண் இன்னும் அண்ணாச்சியின் அப்பா பெயரிலேயே ஓடுகிறது, வருகிற அரையாண்டு வரியையும் அவர் பெயரில்தான் கட்டப் போகிறேன்.