பாட்டில் மழைமானியா, வைஃபை வானிலைப் பெட்டியா?

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒன்றரை ஆண்டுக்காலம் எங்கள் மைதானத்தில் பத்தடி இடைவெளியில் இரண்டு மழைமானிகள் நின்றன. ஒன்று, பழைய மாணவர்கள் பணம் போட்டு 14,000 ரூபாய்க்கு வாங்கித் தந்த வைஃபை வானிலைப் பெட்டி. மற்றொன்று, கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். இன்று மழை அளப்பது பாட்டில் மட்டுமே. வேலை பார்ப்பது நடுநிலைப் பள்ளியில் என்றாலும் இந்த விஷயத்தில் நான் நடுநிலை இல்லை.

செல்போனைத் திறந்தால் ஊர் ஊராக வெப்பநிலை வருகிறதே, அது போதாதா என்று தலைமையாசிரியர் கேட்டார். அதில் வரும் எண் பெரும்பாலும் கணினி போடும் கணக்கு; எங்கள் ஊரில் யாரும் கருவி வைத்து அளந்தது அல்ல. ஏரிக்கு அந்தப்பக்கம் பெய்து இந்தப்பக்கம் காய்கிற மழை அதற்குத் தெரியாது. செயலியை அதோடு விட்டுவிடலாம்.

வசதியில் பெட்டிதான் ராஜா. காற்றின் வேகம், திசை, ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் விழித்திருக்கும். இதிலெல்லாம் பாட்டில் போட்டிக்கே வராது.

என் மனம் மாறியது பராமரிப்பில். பெட்டியின் மழைப் புனலுக்கு அடியில் சீசாப் பலகை போல ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. கொஞ்சம் நீர் சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும்; எத்தனை முறை கவிழ்ந்தது என்று கருவி எண்ணிக்கொள்ளும். ஓர் ஐப்பசிக் காலையில் பாட்டிலில் 22 மி.மீ. நின்றது. பெட்டியின் திரையில் பூஜ்ஜியம். கழற்றிப் பார்த்தால் புனல் துளையைப் புளிய இலைகள் அடைத்திருந்தன. கிண்ணத்துக்கு அடியில் எறும்புகள் மண் கொண்டுவந்து குடியேறியிருந்தன. அதற்கு முன் எத்தனை நாள் அப்படி இருந்ததோ, அத்தனை நாளும் அது கூசாமல் பூஜ்ஜியம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எங்களோடு மழை எண்களைப் பரிமாறிக்கொள்ளும் மெல்போர்ன் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்தப் பூஜ்ஜியங்களை அனுப்பிவிட்டோம்.

வானம் காய்ந்ததால் வந்த பூஜ்ஜியமும் புனல் அடைத்ததால் வந்த பூஜ்ஜியமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். பாட்டிலைப் பார்த்துப் பிள்ளைகள் தினமும் எழுதும் நோட்டில் அப்படி இல்லை. 0 என்று இருந்தால் ஒரு பிள்ளை போய்க் குனிந்து பார்த்தது என்று பொருள். கோடு போட்டிருந்தால் அன்று யாரும் போகவில்லை. 1997இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வந்த திடீர் வெள்ளத்துக்குப் பிறகு, 1998இல் அங்கே ‘கோகோராஸ்’ என்ற தன்னார்வ மழை அளப்பு அமைப்பு தொடங்கியது. மழை இல்லாத நாளிலும் பூஜ்ஜியத்தை மறக்காமல் அனுப்புங்கள் என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எறும்புப் புற்றைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

கையால் அளப்பதிலும் தவறு வரும். நாளின் அதிக, குறைந்த வெப்பநிலைகளைக் காட்டும் சிக்ஸின் பெரும சிறும வெப்பநிலைமானியில் குறிமுள்ளைக் காந்தத்தால் தினமும் கீழே இழுத்துவிட வேண்டும். மறந்தால் பழைய உச்சம் அங்கேயே நிற்கும். பங்குனியில் மூன்று நாள் தொடர்ந்து 37 என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “சார், மூணு நாளும் ஒரே மாதிரி இருக்குமா?” என்று கேட்டாள். இந்த வகைத் தவறு நோட்டிலேயே கண்ணில் படுகிறது; திருத்துவதும் அவர்களேதான்.

இனி மெல்போர்ன். என் சித்தி மகள் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஒரு வீட்டுக் கொல்லையில் மழைமானி வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை எண்களைப் பரிமாறிக்கொள்கிறோம். முதல் சிக்கல் நேரம். இந்திய வானிலைத் துறை மழையைக் காலை 8.30க்கு அளக்கிறது, கிரீன்விச் கணக்கில் அது சரியாக அதிகாலை 3 மணி. ஆஸ்திரேலியர்கள் அவர்களுடைய காலை 9 மணிக்கு அளக்கிறார்கள். நம் கடிகாரத்தில் அது 4.30, அவர்களுடைய கோடையில் 3.30. ஆக, இரண்டு திங்கட்கிழமைகளும் ஒரே திங்கட்கிழமை அல்ல. இதைப் புரியவைக்க உலக உருண்டையும் டார்ச் விளக்குமாக எனக்கு இரண்டு பாடவேளை போனது.

அடுத்தது, ‘மழை நாள்’ என்றால் என்ன என்ற சண்டை. அங்கே 0.2 மி.மீ. விழுந்தாலே மழை நாள். நம் வானிலைத் துறைக்கு 2.5 மி.மீ. வேண்டும். அங்கே நாள் தவறாமல் தூறுகிறது, அதனால் அங்கேதான் மழை அதிகம் என்று எங்கள் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். மெல்போர்னின் ஆண்டுச் சராசரி சுமார் 650 மி.மீ.தான், எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு 800க்கு மேல். அங்கே ஆண்டு முழுவதும் சிந்துவதை இங்கே வானம் சில மாலைப்பொழுதுகளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பெட்டியின் வரைபடத்தைக் காட்டி இதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் 0.2 மி.மீ. என்பது பாட்டிலின் அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஈரம் என்று பார்த்த பிள்ளைக்குத்தான், “இதைப் போய் மழை நாள் என்கிறார்களே” என்று கோபம் வரும்.

கொட்டித் தீர்ப்பது என்றால் 2024 டிசம்பர் 1 இரவு. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்து இந்தப்பக்கம் வந்தது. ஊத்தங்கரையில் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. பதிவானது. மின்சாரம் போனதும் பெட்டியின் இணையம் போனது. பள்ளிக்குள் இருந்த திரைக்குப் பேட்டரி போட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பாட்டிலும் பெருமைப்பட ஒன்றும் செய்யவில்லை. அதன் கொள்ளளவு 150 மி.மீ.; நிரம்பி வழிந்தது. ‘150க்கு மேல்’ என்று எழுதினோம்.

பள்ளி திறந்த அன்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு துண்டுக் காகிதத்தில் 43 செ.மீ. என்று எழுதிக் கொண்டுவந்தான். அவன் வீட்டு மாடியில் மேல்பக்கம் வெட்டிய நீல ட்ரம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மதியம் அம்மா கழுவி நிமிர்த்தி வைத்தாராம். திங்கள் காலையில் பள்ளி ஸ்கேலை மூங்கில் குச்சியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறான். “சுவர் நேராக இருந்தால் எதுவும் மழைமானிதானே சார்? மதியத்துக்கு முன் பெய்தது மட்டும் இதில் சேராது” என்றான். அவனுக்கு அதை நான் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

பாட்டிலின் பெரிய ஓட்டை விடுமுறை. பள்ளிக்கு எதிர்வீட்டுப் பெண் ஊரில் இருக்கும்வரை ஞாயிறுகள் தப்பின. மே மாதம் அவள் பாலக்கோட்டுப் பாட்டி வீட்டுக்குப் போனதும் நோட்டில் பதினொரு கோடுகள். ஆடு ஒருமுறை பாட்டிலைத் தட்டிவிட்டது. இப்போது செங்கல் கட்டியிருக்கிறோம். காற்றையும் அழுத்தத்தையும் கையால் அளந்து பழக்கமில்லை, அதில் பெட்டியையே நம்புகிறேன். சூரியத் தகடும் தனி சிம்மும் உள்ள விலை உயர்ந்த நிலையத்தை நான் கையாண்டதில்லை. மின்வெட்டில் அது தாக்குப்பிடிக்கலாம். எறும்பு அதற்கும் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்கும் பள்ளி என்றால் பாட்டில், ஸ்கேல், வெப்பநிலைமானி, கெட்டி அட்டை போட்ட நோட்டு. பணம் மிஞ்சினால் வெப்பநிலைமானிக்கு காற்று புகுந்து போகும்படி சாய்வுப் பலகைகள் வைத்து வெள்ளை அடித்த பலகணிப் பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். கதவு வடக்கே திறக்கட்டும், ஆண்டின் பெரும்பகுதி வெயில் உள்ளே விழாது. எங்களுடையது பழைய ஜன்னல் சட்டத்தில் செய்தது. மெல்போர்னில் அதே கதவு தெற்கே திறக்கும். ஏன் என்று அங்குள்ளவர்களே எங்கள் பிள்ளைகளிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் இங்கிருந்து போகவில்லை.

வைஃபை பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. மழைப் புனலைக் கழற்றிவிட்டு மாடியில் வைத்திருக்கிறோம். காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது.