ஒரு சொட்டுத் தண்ணீர் வடிக்காமல் "வால்வு மாத்தியாச்சு" என்றான்: கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஏமாற்றப்பட்டது இன்று மதியம்தான் தெரிந்தது. போனது அரை மாதச் சம்பளம். இதே போல் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது டாங்கி வைத்த கேஸ் ஹீட்டர். அடியில் பைலட் என்று ஒரு சின்னத் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், அதிலிருந்துதான் பெரிய பர்னர் பற்றிக்கொள்ளும். கொஞ்ச நாளாக அந்தப் பைலட் நிற்கவில்லை. குமிழை அழுத்திக்கொண்டு பற்றவைத்தால் எரியும். ஒரு நிமிஷம் முழுதாக அழுத்திப் பிடித்தாலும், கையை எடுத்ததும் "டக்" என்று ஒரு சத்தம், தீ அணைந்துவிடும். மறுபடி பற்றவைத்தால் மறுபடி "டக்". அப்பாவுக்கு மூட்டுவலி. வெந்நீர் இல்லாமல் குளித்தால் அன்று முழுக்க எழுந்து நடக்க மாட்டார். அந்த அவசரத்தில்தான், வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் மெக்கானிக்கைப் பதிவு செய்தேன். பெயரை இப்போது எழுதவில்லை, பிரச்சினை இன்னும் தீரவில்லை.

வந்த பையனை நான் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். அப்பாவைப் பார்த்து "ஐயா, இன்னைக்கு வெந்நீர்ல குளிச்சிடலாம்" என்றான். தரையில் படுத்து டார்ச் அடித்து, என்னையும் குனியச் சொல்லி, அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத் தீயைக் காட்டினான். "பாருங்கக்கா, நீலமா நேரா நிக்கணும். இது மஞ்சளா ஆடுது பாத்தீங்களா? வால்வு கேஸை ஒழுங்கா விடல." நானும் பார்த்தேன். உண்மையாகவே மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்த பிறகு எப்படிச் சந்தேகப்படுவது? அவன் காட்டிய அறிகுறி நிஜம், அதற்குச் சொன்ன காரணம்தான் பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் பயமுறுத்தினான். "இப்படியே விட்டா கேஸ் லீக் ஆகும்க்கா. வீட்ல வயசானவர் இருக்காரு, யோசிச்சுக்குங்க." புது வால்வு தன் வண்டியிலேயே இருப்பதாகச் சொல்லி ஒரு தொகை சொன்னான். அரை மாதச் சம்பளம். நான் தயங்கியதும், "உங்க தம்பியா இருந்தா பொய் சொல்வேனாக்கா?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலையாட்டினேன்.

கேஸ் இணைப்பைத் திறக்கப் போவதாகச் சொல்லி எங்களை வெளியே நிற்கச் சொன்னான். நியாயம்தானே என்று அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வாசலில் நின்றேன். இருபது நிமிஷம். உள்ளே கூப்பிட்டபோது பைலட் எரிந்துகொண்டிருந்தது. வால்வு துடைத்து வைத்த பாத்திரம் போல் பளபளவென்று இருந்தது. பழைய வால்வு என்று பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்கணும்க்கா." தண்ணீர் சூடாகும்வரை இருக்கச் சொன்னேன். அடுத்த வேலைக்கு நேரமாகிறது, ஓடிபி மட்டும் சொல்லிவிடுங்கள் என்றான். சொன்னேன். பணத்தையும் அனுப்பினேன். அன்று அப்பா வெந்நீரில் குளித்துவிட்டு "நல்ல பையன்" என்று இரண்டு முறை சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் காலையில் குழாயைத் திறந்தால் ஜில்லென்று தண்ணீர். குனிந்து பற்றவைத்தேன். அதே "டக்".

பையனுக்கு அழைத்தேன். முதல் முறை எடுத்து, "வெளியூர்ல இருக்கேன்க்கா, சாயங்காலம் கூப்பிடுறேன்" என்றான். சாயங்காலம் நானே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. அப்பாவின் போனிலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறது. என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

செயலியின் வாடிக்கையாளர் சேவையில் நடந்ததை எப்படிச் சொல்வது! முதலில் பேசிய பெண், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, ஓடிபி கொடுத்துவிட்டதால் வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்றார். முடியவில்லையே என்றேன். புதிதாகப் பதிவு செய்யுங்கள், வருகைக் கட்டணம் உண்டு என்றார். இரண்டாவது ஆள், உத்தரவாதம் வேலைக்கு மட்டும்தான், உதிரிபாகம் டெக்னீஷியன் நேரடியாக விற்றது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார். அவர்கள் அனுப்பிய ஆள்தானே என்று கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவது ஆள், பழைய பாகத்தின் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதை அவன் கையோடு கொண்டுபோய்விட்டான் என்றால், "அப்படியானால் எங்களால் சரிபார்க்க முடியாது மேடம்." ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் தொகையைச் சொன்னேன். அரை மாதச் சம்பளம் என்பது அவர்களுக்கு வெறும் எண், எனக்கு அது பதினைந்து நாள் உழைப்பு.

இன்று மதியம், பக்கத்து வீட்டு அக்கா தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். குழாய் வேலையும் கேஸ் வேலையும் பல வருஷமாகச் செய்பவர். நான் வால்வு மாற்றிய கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, டாங்கித் தண்ணிய வடிச்சானா?"

இல்லை என்றேன். ஹீட்டரின் அடியில் எப்போதும் ஒரு பழைய துணி மடித்துப் போட்டிருப்பேன். அன்று நாங்கள் உள்ளே வந்தபோது அது காய்ந்து, மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. அவர் தலையை ஆட்டினார். எங்கள் ஹீட்டரில் வால்வின் முதுகிலிருந்து ஒரு தண்டு டாங்கிக்குள்ளேயே போகிறதாம், தண்ணீரின் சூட்டைப் பார்க்க. வால்வைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக டாங்கித் தண்ணீர் முழுதும் வெளியே கொட்டும். அதனால் முதலில் டாங்கியைக் காலி செய்தே ஆக வேண்டும். இருபது நிமிஷத்தில், தரை நனையாமல் அது நடக்கவே நடக்காது.

பிறகு குமிழின் ஓரத்தைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். வால்வின் மேல், குமிழுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் பச்சையாக ஒரு கோடு. என் மகள் சின்ன வயதில் கிரேயானால் கிறுக்கியது. மேலே தெரிந்ததைத் துடைத்திருக்கிறான், பள்ளத்துக்குள் துணி போகவில்லை. அதைப் பார்த்ததும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புது வால்வு என்று நான் காசு கொடுத்தது என் வீட்டுப் பழைய வால்வுக்கு.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? தெர்மோகப்பிள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு முனை, அதிலிருந்து வால்வுக்குப் போகும் மெல்லிய செப்புக் குழாய், அவ்வளவுதான். பைலட் தீயில் அந்த முனை சூடானால் ஒரு துளி மின்சாரம் உண்டாகும், சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை. வால்வுக்குள் இருக்கும் சின்ன மின்காந்தம் கேஸ் வழியைத் திறந்தபடி பிடித்து வைத்திருப்பது அதனால்தான். மின்சாரம் போதவில்லை என்றால் காந்தம் விட்டுவிடும், கேஸ் நின்றுவிடும். நான் கேட்டுக்கொண்டிருந்த "டக்" அதுதான். "தீ நிக்கலேன்னா கேஸை நிறுத்துறதுதாம்மா அதோட வேலை. உன் வால்வு ஒழுங்காத்தான் இருந்திருக்கு" என்றார் பெரியவர். எந்த வால்வு எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததோ, அதைக் காட்டியே பயமுறுத்திப் பணம் பறித்திருக்கிறான்.

குமிழை என்னை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தெர்மோகப்பிள் வால்வில் மாட்டியிருக்கும் பக்கத்தைக் கழற்றி மீட்டரில் வைத்தார். 9 மில்லிவோல்ட். பைலட் துவாரத்தில் சிலந்தி நூலும் தூசியும் அடைத்திருந்தன. தீ மஞ்சளாக ஆடியது அதனால்தான், முனையைச் சுற்றி அது படவே இல்லை. மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து ஊதினார், முனையில் படிந்த கரியைத் தேய்த்தார். தீ நீலமாக நின்றது, மீட்டரில் 14. "இது இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும், நம்ப முடியாது" என்று புதுத் தெர்மோகப்பிள் போட்டார். 27. அதை வால்வில் மாட்டும்போது மரையைக் கையால் முடுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று மட்டும் முடுக்கினார். கடைசியில் கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அந்தப் பையன் முனையைத் துடைத்துவிட்டு மரையை இறுக்கியிருப்பான், அதில்தான் இரண்டு நாள் ஓடியிருக்கும் என்றார். பெரியவர் வாங்கிய தொகை, நான் இழந்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

உடனே பச்சைக் கோட்டைப் படம் எடுத்து வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். டாங்கி, தண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். தொழில்நுட்பக் குழு 72 மணி நேரத்தில் பார்க்கும் என்று பதில் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு செய்தி. யாரும் அழைக்கவில்லை. யாரும் படத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பைலட் நிற்காவிட்டால் ஒவ்வொன்றாக எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது என்னால் முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வால்வு போய்விட்டது என்று யார் சொன்னாலும், தெர்மோகப்பிளை மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வால்வு மாற்றுகிறேன் என்றால் டாங்கியை வடிக்க வேண்டுமா என்று கேளுங்கள், பழையதைப் படம் எடுத்துவையுங்கள், அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். குழாயில் வெந்நீர் வருவதைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

கேஸ் வாசனை வந்தால் பற்றவைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், சுவிட்சையும் தொடாதீர்கள், எல்லோரும் வெளியே போய்விட்டு அங்கிருந்து அழையுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பர்னர் மஞ்சளாக எரிந்து கரி படிந்தால், புகைபோக்கியைப் பார்க்கும்வரை ஹீட்டரை நிறுத்திவையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு செய்தி வந்திருக்கிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். அரை மாதச் சம்பளத்தைத் திருப்பித் தரச் சொல்லி மறுபடி அழைக்கப் போகிறேன்.