தியேட்டர் கூரையிலிருந்து இறங்கும் காற்று

எங்கள் இதய அறுவை தியேட்டரில் லேமினார் ஏர்ஃப்ளோ கூரை (சுத்தமான காற்றை ஒரே சீராகக் கீழே இறக்கும் அமைப்பு) போட்டு ஒரு வருடம் ஆகிறது. அதிலுள்ள ஹெபா ஃபில்டர், அதாவது நுண்துகள் வடிகட்டி, 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். அந்தக் காற்று மேசைக்கு நேர் மேலிருந்து சீராக இறங்கி, திறந்த நெஞ்சின் மேல் தோல் செதிலோ தூசியோ விழுவதற்குள் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய விளக்கைக் கீழே இழுத்தால் அதன் அடியில் காற்று சுழல்கிறது, புகை விட்டுப் பார்த்தபோது கண்ணாலேயே தெரிந்தது. தையல் நூல் எடுக்க யாராவது கதவைத் திறந்தாலும் அதே கதை. அப்புறம் ஹீட்டர் கூலர், அறுவையின்போது நோயாளியின் ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் நீரை ஓடவிடும் கருவி. அதன் தொட்டி நீரிலிருந்து மைக்கோபாக்டீரியம் கைமேரா என்ற பாக்டீரியா காற்றில் ஏறி, இந்தச் சுத்தக் காற்றையும் தாண்டிக் காயத்துக்குப் போகலாம் என்பதால், விசிறி மேசையைப் பார்க்காதபடி தள்ளித்தான் வைக்கிறோம். மேசையருகே நிற்பவர்களுக்குக் கழுத்தில் குளிர் தாங்கவில்லை, அது வேறு. 4 நட்சத்திரம்.