படகில் எலி பிடித்த கூண்டு: மூன்றரை நட்சத்திரம்

பாய்மரப் படகுக்கு இந்தக் கம்பிக்கூண்டு சரிப்படுமா என்று கேட்டால், சரிப்படும், ஆனால் கொஞ்சம் கைவேலை பார்க்க வேண்டியிருக்கும்.

கிளம்பி இரண்டாம் நாள் ராத்திரி, விழித்திருக்கும் முறை எனக்கு. சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கீழே கறக் கறக் என்று சத்தம். கப்பி ஏதோ உரசுகிறது என்று விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் மாற்றுப் பாய் வைத்திருந்த பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, பக்கத்தில் கறுப்பு அரிசி மாதிரி புழுக்கை. துறையில் கட்டியிருந்த கயிறு வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். அதில் மாட்டும் எலித்தடுப்புத் தகட்டைச் சோம்பேறித்தனத்தில் மாட்டாமல் விட்டது நானேதான்.

பாய் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், பயமெல்லாம் ஒயர் மேல்தான். எலிக்கு முன்பற்கள் ஆயுசு முழுக்க வளரும், எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும், அது தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் ஒயராக இருந்துவிட்டால் நம் கதை முடிந்தது. விஷம் வைத்தால்? பலகைக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில் போய்ச் செத்து நாறும். அதனால்தான் வழியில் ஒரு துறையில் ஒதுங்கி இந்தக் கூண்டை வாங்கினேன்.

குறை இதுதான்: உள்ளே இருக்கும் மிதிதகட்டை எலி மிதித்தால் கதவு விழ வேண்டும், ஆனால் கடலில் ஓர் அலை தூக்கிப் போட்டாலே விழுந்துவிடுகிறது. முதல் ராத்திரி நாலு தடவை டார்ச்சோடு இறங்கிப் போனேன், நாலு தடவையும் காலிக்கூண்டு. அப்புறம் தகட்டுக்கு அடியில் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு செருகி, கூண்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். மூன்றாம் ராத்திரி சிக்கியது. வேர்க்கடலை வெண்ணெய் ஒட்டிய மீசையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, திருட்டு ராஸ்கல்.

பக்கத்தில் தெரிந்த குட்டித் தீவில் விட்டுவிடலாம் என்றார் கூட வந்தவர். கூடவே கூடாது என்றேன். 1918-இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் இறங்கிய எலிகளால், அங்கே மட்டுமே இருந்த ஐந்து வகைப் பறவைகள் அழிந்தே போயின. ஆகவே ஏறிய துறைக்கே திரும்பக் கொண்டுபோனோம், இரண்டு நாள் கூண்டிலேயே தீனி, தண்ணீர்.

அரை நட்சத்திரம் துருவுக்காகக் குறைத்தேன். கதவு ஸ்பிரிங் ஒரே வாரத்தில் உப்புக்காற்றில் பழுப்பேறி, இப்போது எண்ணெய் விட்டால்தான் அசைகிறது.