உப்புப் பனியா, கைத்தடப் பூநாரையா?

ராமநாதபுரம் கடலோரத்தில் பனிக்கட்டி விழாது. அதனாலென்ன, சின்னப் பிள்ளைகளுடன் குளிர்கால ஓவியம் செய்ய எளிய வழிகள் இருக்கின்றன.

உப்பு ஓவியம் பார்க்க அற்புதம். கெட்டி அட்டையில் பசையால் ஆறு கிளை கொண்ட பனித்துகளை வரைந்து, தூள் உப்பைத் தூவி, மிச்சத்தை உதறிவிட வேண்டும். தூரிகை நுனியால் நீர்த்த நீல வண்ணத்தைத் தொட்டு வைத்தால், உப்பு ஈரத்தை இழுக்க, நிறம் தானாகவே கோட்டின் வழியே ஓடும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வாலிநோக்கம் உப்பளத்தைப் பற்றியும் அப்படியே பேசலாம். ஆனால் நம் கடற்காற்றில் உப்பு கசிந்து உதிரும், நாள்பட நிற்காது. விரலில் கீறல் இருந்தால் எரியும்.

பூநாரைக்கு இளஞ்சிவப்பு வண்ணமும் ஒரு பிஞ்சுக் கையும் போதும். உள்ளங்கையைக் காகிதத்தில் பதித்தால் உடலும் சிறகும் வந்துவிடும். கழுத்து, கால், வளைந்த அலகை நாம் வரைந்து தரலாம். இரண்டு வயதுக் குழந்தையும் செய்யும்.

என் ஓட்டு பூநாரைக்குத்தான். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் அவை வந்து நிற்கும்போது, வரைந்த கையோடு கூட்டிப்போய்க் காட்டலாம். தின்னும் பாசியும் சிறு இறாலும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன என்றும் சொல்லுங்கள். உப்பு ஓவியத்தை மழை இல்லாத பகலில், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.