எட்டு வருடமாக எங்கள் வாசலில் மனோரஞ்சிதம்

பென்னாகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மனோரஞ்சிதம் வைத்து 2025 ஆடியோடு எட்டு வருடம் முடிந்தது. நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா, தொட்டியில் வருமா, பாம்பு வருமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். இத்தனை நாள் கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

கன்றை ஓசூர்ப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கினோம். பதியன் கன்று (கிளையிலேயே வேர் பிடிக்க வைத்து வெட்டிய கன்று), அடுத்த வருடமே பூக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பையைக் கிழித்தால் ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. விதைக்கன்று! முதல் பூவைப் பார்க்க 2021 வரை காத்திருந்தோம். நீங்கள் வாங்கும்போது அடித்தண்டைக் கவனியுங்கள். பதியன் கன்றில் தண்டு முற்றி, பழுப்பேறி, தாய்க்கிளையிலிருந்து வெட்டிய தழும்போடு இருக்கும்.

இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி, சீத்தாப்பழக் குடும்பம். அதனால் வெயிலை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதல் சித்திரையில் மட்டும் மேற்கு வெயில் பட்டு இலைகள் கருகின. பழைய சேலையை மறைப்பாகக் கட்டினோம், சரியாகிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து அதுவும் தேவைப்படவில்லை.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது தண்ணீர்தான். தருமபுரி மாவட்டத்து போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புளோரைடுக்குப் பயந்துதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எங்கள் போரில் உப்பும் அதிகம். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனசு வராது. போர்த் தண்ணீரையே ஊற்றிவந்ததில், மூன்றாம் வருடம் கொழுந்து இலைகள் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும், இந்த மாதிரித் தண்ணீர் தொடர்ந்து விழுந்தால் வேரால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), அரை எலுமிச்சம்பழச் சாறு கலந்து மாலையில் இலை நனையத் தெளித்தோம். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. அடுத்த கொழுந்து பச்சையாக வந்தது. ஆனால் நிலையான தீர்வாக அமைந்தது மாடி மழைநீர்க் குழாயைச் செடியின் பாத்திக்குத் திருப்பிவிட்டதுதான். கூடவே சாணி எருவும் சருகு மூடாக்கும். அதற்குப் பிறகு அன்னபேதிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

பூத்ததும் எனக்குத் தெரியாது. பூ இலை நிறத்திலேயே பச்சையாக இருப்பதால் கண்ணுக்குப் படாது. இதழ் ஆறு, தடிப்பாக, தொட்டால் தோல் போலிருக்கும். ஒன்றைப் பறித்து முகர்ந்தேன், பெரிதாக வாசமே இல்லை. மாமியார் பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கறப்ப பறிக்காதம்மா. மஞ்சளாகட்டும், வாசமே வந்து உன்னைக் கூப்பிடும்" என்றார். மூன்றாம் நாள் பொழுது சாய, பழுத்த பலாவும் வாழையும் கலந்த மாதிரி ஒரு வாசம் சமையலறை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு பூ! நினைத்த பழத்தின் வாசம் வரும் என்பார்கள். என் மகளுக்கு அது எப்போதும் மாம்பழம்தான். அத்தை அதை டம்ளர் தண்ணீரில் போட்டுச் சாமி மாடத்தில் வைத்தார். மறுநாளும் மணந்தது.

பூக்காம்பைப் பாருங்கள், கோழி நகம் போல வளைந்த கொக்கி. அதை மாட்டிக்கொண்டுதான் கொடி ஏறுகிறது. எங்கள் ஜன்னல் கம்பியில் மாட்டிய கொக்கி இப்போது கட்டையாகி, அறுத்தால்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கிறது. ஆகவே சுவரோரம் வைக்காதீர்கள், நாலடி தள்ளி வையுங்கள். தொட்டியும் வேண்டாம், பக்கத்து வீட்டு அக்கா பெரிய சிமெண்டுத் தொட்டியில் வைத்தார், உயிரோடு இருக்கிறது, பூதான் இல்லை.

பாம்பு விஷயம். வாசனைக்குப் பாம்பு வரும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எட்டு வருடத்தில் நாங்கள் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் தரையோடு புதராக விட்டால் எலி தங்கும், எலியைத் தேடி எதுவும் வரலாம். வருடம் ஒரு முறை, பூ ஓய்ந்ததும், அடியிலிருந்து இரண்டடிக்குக் கிளையெல்லாம் கழித்துவிடுகிறேன்.

பூச்சி மருந்து இதுவரை அடித்ததில்லை. கருப்பில் பச்சைப் புள்ளி போட்ட ஒரு பட்டாம்பூச்சி கொழுந்தில் முட்டையிடும், புழு இலையைத் தின்னும். நெட்டிலிங்க மரத்திலும் இதே புழுவைப் பார்க்கலாம். தின்றது போகத்தான் நமக்கு, இருக்கட்டும்.

விதையில் முளைக்க வைப்பதற்குப் பொறுமை வேண்டும்; ஆறு போட்டதில் இரண்டுதான் முளைத்தன, அதுவும் மூன்று மாதம் கழித்து. இந்த மழைக்கு நான்கு கிளையில் பட்டை சீவி, தென்னை நார்க்கழிவு வைத்துப் பதியன் கட்டியிருக்கிறேன். ஒன்றில் பிளாஸ்டிக் தாளுக்குள் வெள்ளை வேர் தெரிகிறது. அது பாலக்கோட்டு நாத்தனாருக்கு.